கல் போட்ட காகமும் கண்ணாடி பார்த்த யானையும்

விலங்குகளின் அறிவு பற்றிக் கேளுங்கள் என்றால், வரும் கேள்விகளில் பாதி "எங்கள் வீட்டு நாய்..." என்றுதான் தொடங்குகின்றன. அதனால் நாய்க்கு இந்த முறை இடம் கொஞ்சம் கூடுதல்.

மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். பானையில் கல் போட்டுத் தண்ணீர் குடித்த காகத்தின் கதையைச் சொன்னால், "நிஜமாவே காக்கா அப்படிச் செய்யுமா மிஸ்?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?
– ஆசிரியை, கோவில்பட்டி

செய்யும் என்றே சொல்லுங்கள். எந்தக் காகம், அதற்கு முன் அது என்ன பழகியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

2009இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் பேர்ட், நேதன் எமரி இருவரும் இந்தக் கதையை அப்படியே சோதனையாக்கி நான்கு ரூக் பறவைகள் முன் வைத்தார்கள். ரூக் என்பது ஐரோப்பிய வயல்வெளிகளில் திரியும் காக இனம்; நம் வீட்டுக் காகத்துக்கு ஒன்றுவிட்ட உறவு. பானைக்குப் பதில் நிமிர்த்திய கண்ணாடிக் குழாய், உள்ளே கொஞ்சம் தண்ணீர், அலகுக்கு எட்டாமல் அதில் மிதக்கும் புழு, பக்கத்தில் சில கற்கள். நான்கு பறவைகளும் கல் போட்டுப் புழுவை எடுத்தன. சிறிய கல்லை விட்டுப் பெரிய கல்லைத் தேடின. ஒரு குழாயில் தண்ணீர், இன்னொன்றில் மரத்தூள் என்று வைத்தபோது, மரத்தூளில் கல் போட்டுப் பயனில்லை என்பதையும் சில முயற்சிகளில் கண்டுகொண்டன. ஆனால் குழாய்க்குள் கல்லைப் போட்டால் உள்ளே உள்ள தட்டு சரிந்து தீனி விழும் என்பதை இதே பறவைகள் முன்பே வேறொரு சோதனையில் கற்றிருந்தன. கல் போடத் தெரியும். அதைத் தண்ணீருக்குப் பொருத்தியதுதான் புதிது. கதைக் காகத்துக்கு அந்த முன்பயிற்சி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

2014இல் நியூ கலிடோனியக் காகங்கள் ஆறை வைத்து இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். மிதக்கும் பொருளை ஒதுக்கி மூழ்கும் பொருளை எடுத்தன. உள்ளீடற்ற கூட்டை விட்டுத் திடமான கட்டையை எடுத்தன. மணல் குழாயை விட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போயின. அகலக் குழாய், குறுகிய குழாய் இரண்டில் எதில் தண்ணீர் சீக்கிரம் ஏறும் என்பதில் தடுமாறின. பலகைக்கு அடியில் மறைவாக இணைத்த இரட்டைக் குழாயில், ஒன்றில் கல் போட்டால் மற்றதில் தண்ணீர் ஏறும்படி வைத்தால், சுத்தமாகத் தோற்றன. இதே சோதனையை வேறோர் ஆய்வில் குழந்தைகளுக்கு வைத்தபோது, இந்த மறைவுக் குழாயை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். "எப்படியோ ஏறுது, நமக்கென்ன" என்ற மனம் மனிதக் குட்டிக்கு வாய்த்திருக்கிறது போலும். சாதாரணக் குழாயில் 5 முதல் 7 வயதுக் குழந்தைகள் பறவைகளைப் போலவே சில முயற்சிகளுக்குப் பிறகே தேர்ந்தார்கள். 8 வயதைத் தாண்டியவர்கள் முதல் முயற்சியிலேயே செய்துவிட்டார்கள்.

வகுப்பில் செய்து காட்டப் போகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. கற்களுக்கு இடையே சுமார் 40 சதவீதம் இடைவெளி இருக்கும். தண்ணீர் முதலில் அதில்தான் ஒளியும். 12 செ.மீ. உயரமுள்ள நேரான டம்ளரில் 4 செ.மீ. தண்ணீர் ஊற்றிக் கல் போட்டால், கல்லும் தண்ணீரும் 10 செ.மீ.யில் சமமாகிவிடும். அதற்கு மேல் எத்தனை கல் போட்டாலும் காய்ந்த கல்தான் குவியும், பிள்ளைகள் சிரிப்பார்கள். பாதி டம்ளருக்கு மேல் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கூழாங்கல்லோடு தெர்மாகோல் துண்டையும் வைத்து, "காகம் எதை எடுக்கும்?" என்று போடுவதற்கு முன்பே கேட்டு எழுத வையுங்கள்.

எங்கள் நாய் நிலைக்கண்ணாடியைப் பார்த்து இரண்டு நாள் குரைத்தது. இப்போது திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யானைக்கெல்லாம் தன்னை அடையாளம் தெரியுமாமே, நாய்க்கு "நான்" என்ற உணர்வு கிடையாதா?
– வாசகர், திருச்சி

கண்ணாடிச் சோதனையை 1970இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் செய்தார். பத்து நாள் கண்ணாடியோடு பழக விட்டார். பிறகு மயக்க மருந்து கொடுத்து, ஒரு புருவ மேட்டிலும் எதிர்ப்பக்கக் காதிலும் மணமில்லாத சிவப்புச் சாயம் பூசினார். விழித்த பிறகு, கண்ணாடி இல்லாதபோது அந்த இடத்தை எத்தனை முறை தொடுகிறது என்று முதலில் எண்ணினார். பிறகுதான் கண்ணாடியை வைத்தார். இந்த முதல் எண்ணிக்கை இல்லாவிட்டால் சோதனைக்கு மதிப்பில்லை. சும்மா முகம் சொறிவதும் தேர்ச்சியாகிவிடும். மனிதக் குழந்தைகள் பெரும்பாலும் 18 முதல் 24 மாதத்துக்குள் இதில் தேறுகிறார்கள்.

யானையின் கதை, சோதனைக் கருவி எப்படி முடிவை மாற்றும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முதலில் யானைகள் தோற்றன. அப்போது வைத்தது யானையின் உடல் முழுவதையும் காட்டாத கண்ணாடி. துதிக்கைக்கு எட்டாத தொலைவு வேறு. 2006இல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சியகத்தில் ஜோஷுவா பிளாட்னிக் குழுவினர் ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு இரண்டரை மீட்டர் கண்ணாடியை, யானை முட்டினாலும் உடையாதபடி வளாகத்துக்குள்ளேயே நிறுத்தினார்கள். மூன்று ஆசிய யானைகளும் கண்ணாடிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தன; வாயைத் திறந்து உள்ளே ஆராய்ந்தன. ஹேப்பி என்ற ஒன்று மட்டும், தலையில் போட்ட வெள்ளைப் பெருக்கல் குறியைத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்டது. தலையின் மறுபக்கம், அதே பசையை நிறமில்லாமல் பூசியிருந்தார்கள், அதைத் தொடவில்லை. ஆக, பிசுபிசுப்பை உணர்ந்து தொட்டது என்று சொல்ல வழியில்லை. (இந்த ஹேப்பியை விடுவிக்கக் கோரிய வழக்கு நியூயார்க் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2022இல் 5–2 என்று தோற்றது.)

2019இல் ஜப்பானில் ஒரு குட்டி மீன் கூட்டத்தையே கலைத்தது. மற்ற மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் துப்புரவு மீன் அது. தொண்டையில் பழுப்புப் புள்ளி வைத்த நான்கில் மூன்று, கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தொண்டையைத் தரையில் தேய்த்தன. பச்சையிலோ நீலத்திலோ புள்ளி வைத்தால் தேய்க்கவில்லை. பழுப்பு அதற்கு ஒட்டுண்ணியின் நிறம். பச்சைப் புள்ளி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். குறி என்பது அந்த உயிருக்குப் பொருட்படுத்தத் தக்கதாக இருக்க வேண்டும்.

இனி உங்கள் நாய். அது முகம் பார்த்து ஆள் அறிவதைவிட மோந்து அறிவதே அதிகம். 2017இல் அலெக்ஸாண்ட்ரா ஹாரோவிட்ஸ் 36 நாய்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் மணத்தைக் கொடுத்தார். ஒரு டப்பாவில் அதன் சிறுநீர். இன்னொன்றில் அதே சிறுநீரோடு வேறொரு மணம் சேர்த்தது. மாறியிருந்த "தன்" மணத்தை நாய்கள் நெடுநேரம் மோந்தன. இதை "நான்" என்ற உணர்வுக்குச் சான்று என்று அடித்துச் சொல்ல முடியாது. புதுமையும் ஒரு காரணமாகலாம். ஆனால் கண்ணாடியில் தோற்றதை வைத்து நாய்க்கு அந்த உணர்வு இல்லை என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. கொரில்லாக்கள் பல கண்ணாடியில் தோற்பதற்கும் இப்படி ஒரு காரணம் சொல்வார்கள்: அவற்றிடையே கண்ணுக்குக் கண் நேரே பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. கண்ணாடியை முறையாகப் பார்ப்பதையே அவை தவிர்க்கின்றன.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். அறிவியல் கண்காட்சிக்கு வீட்டு நாயை வைத்து ஒரு சோதனை செய்ய வேண்டுமாம். செலவில்லாமல், ஆசிரியர் குறை சொல்லாதபடி எப்படிச் செய்வது?
– வாசகி, சேலம்

"விரல் சுட்டினால் நாய்க்குப் புரிகிறதா?" என்பதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2002இல் பிரையன் ஹேர் குழு நாய், ஓநாய், சிம்பன்சி ஆகியவற்றை ஒப்பிட்டு நாயே இதில் முன்னணி என்று காட்டியது முதல், உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பச் செய்யப்படும் சோதனை இது. நம் நாட்டிலும் கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழு, யாரும் பழக்காத 160 தெருநாய்களிடம் செய்து 2020இல் வெளியிட்டது. ஏறக்குறைய பாதி நாய்கள் பயந்து கிட்டவே வரவில்லை. வந்தவற்றில் சுமார் 80 சதவீதம் சுட்டிய பக்கமே போயின.

வேண்டியவை: ஒரே மாதிரியான, உள்ளே தெரியாத இரண்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள். எவர்சில்வர் வேண்டாம், தீனி விழும் சத்தம் காட்டிக்கொடுக்கும். கொண்டைக்கடலை அளவில் நறுக்கிய, உப்பு மசாலா இல்லாத வேகவைத்த கோழித் துண்டு 30. சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு. பக்கத்திலேயே வர வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம், நோட்டு, படம் பிடிக்கக் கைபேசி. ஆட்கள் மூவர்: ஒருவர் நாயைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தீனி ஒளித்துவைக்க, ஒருவர் சுட்ட.

முதலில் இரண்டு கிண்ணத்தின் உட்புறத்திலும் கோழியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் சோதிப்பது மூக்கை. கிண்ணங்களைக் கவிழ்த்து ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நாய் இரண்டிலிருந்தும் சம தூரத்தில், சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நிற்கட்டும். இடமா வலமா என்பதை நாணயம் சுண்டி 20 முயற்சிகளுக்கும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். ஒரே பக்கம் தொடர்ந்து மூன்று முறை வந்தால் மாற்றிக்கொள்ளலாம். மொத்தத்தில் பத்து இடம், பத்து வலம். ஒளிக்கும்போது நாய் பார்க்கக் கூடாது. இடையில் ஒரு போர்வையைத் தூக்கிப் பிடித்தால் போதும். இரண்டு கிண்ணத்தையும் தொட்டுத் தூக்கி வைக்க வேண்டும், தீனி ஒன்றில் மட்டும். சுட்டுபவர் நடுவில் நின்று நாயைப் பெயர் சொல்லி அழைத்து, கையை நீட்டிச் சுட்டி, நாய் தேர்ந்தெடுக்கும்வரை அசையாமல் இருக்க வேண்டும். நாயைப் பிடித்திருப்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இது நாடகம் போலத் தோன்றும். ஆனால் கயிற்றில் தெரியும் ஒரு சிறு இழுப்பு போதும், நாய் அதைப் படித்துவிடும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்பது அடுத்த கேள்வியில் வருகிறது.

"தேர்வு" எது என்பதைத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள்: மூக்கு ஒரு கிண்ணத்துக்கு 10 செ.மீ.க்குள் முதலில் போனால் அதுதான். தவறான கிண்ணம் என்றால் தீனி கிடையாது; இரண்டாவது வாய்ப்பும் கிடையாது. "ஐயோ பாவம், இன்னொரு தடவை" என்பதில்தான் பாதி பள்ளிச் சோதனைகள் கெட்டுப்போகின்றன. சாப்பாட்டுக்கு முன்னால், ஒரு அமர்வுக்குப் பத்து முயற்சிக்கு மேல் போகாமல், இரண்டு நாளில் முடியுங்கள்.

அதோடு, சுட்டாமலே பத்து முயற்சிகள் செய்ய வேண்டும். எல்லாம் அதேபோல, ஆனால் சுட்டுபவர் கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்து நிற்பார். இதில் நாய் பத்துக்கு ஐந்து அருகில் இருக்க வேண்டும். ஒன்பது எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள். மணம் கசிகிறது என்று அர்த்தம். கிண்ணங்களைக் கழுவி முதலிலிருந்து தொடங்குங்கள்.

கணக்கு: கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தாலும் 20க்கு 10 வரும். 15 அல்லது அதற்கு மேல் தற்செயலாக வரும் வாய்ப்பு சுமார் 2 சதவீதம். ஆகவே 15 எடுத்தால் "புரிகிறது" எனலாம். 14 என்றால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய 6 சதவீதம். "சொல்ல முடியவில்லை" என்று எழுதுவதே நேர்மை. பத்தே முயற்சி செய்தால் 9 எடுத்தாக வேண்டும். நாய் எப்போதும் இடது பக்கமே போனால் சரியாக 10 வரும். அது தோல்வியும் அல்ல, பக்கப் பழக்கம். அட்டவணையில் தேர்ந்த பக்கத்தையும் குறித்தால்தான் இது கண்ணில் படும்.

கைபேசியில் ஒரு நாய், "மூணும் நாலும் எவ்வளவு?" என்றால் ஏழு முறை குரைக்கிறது. ஏமாற்று வேலையா?
– வாசகர், ஈரோடு

ஏமாற்றுவதற்கு யாரும் நினைத்திருக்கவே வேண்டாம். நாய்க்கு முன்பே ஒரு குதிரை இதைச் செய்துவிட்டது. பெர்லினில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் விலெல்ம் ஃபான் ஓஸ்டன் வளர்த்த ஹான்ஸ், குளம்பைத் தட்டிக் கூட்டல், கழித்தல், நாள்காட்டிக் கணக்கு எல்லாம் சொன்னது. 1904இல் ஒரு குழு ஆராய்ந்து, மோசடி இல்லை என்றது. பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் ஒரு எளிய மாற்றம் செய்தார்: கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். விடை தெரிந்தவர் கேட்டால் 89 சதவீதம் சரி. தெரியாதவர் கேட்டால் 6 சதவீதம்.

நடந்தது இதுதான். கேள்வி கேட்டவர் குளம்பைப் பார்க்கக் குனிவார். ஹான்ஸ் தட்டத் தொடங்கும். சரியான எண் வந்ததும் அவர் தலை, அவருக்கே தெரியாமல், இம்மியளவு நிமிரும், ஹான்ஸ் நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்டாலேயே, தெரிந்த பிறகும் அந்த அசைவை அடக்க முடியவில்லை. குதிரைக்குக் கணக்கு வராது. ஆனால் மனிதரைப் படிப்பதில் அங்கிருந்த பேராசிரியர்களைவிடத் தேர்ந்தது.

பழைய கதை என்று தள்ள முடியாது. 2011இல் கலிபோர்னியாவில் மோப்ப நாய்களும் பயிற்றுநர்களும் கொண்ட 18 இணைகளை, போதைப்பொருள் எதுவுமே இல்லாத அறைகளில் தேடவிட்டார்கள். மொத்தம் 144 தேடல்கள். "ஒன்றுமில்லை" என்று முடிந்தவை 21 மட்டும். சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கிறது என்று பயிற்றுநரிடம் சொல்லியிருந்தார்கள், நாய்க்குச் சொல்லவில்லை. அப்படியும் நாய்கள் அங்கே "கண்டுபிடித்தன".

ஆகவே அந்தக் காணொளியில், ஏழாவது குரைப்பின்போது கேட்பவர் எங்கே இருக்கிறார், கை எங்கே, மூச்சு விடுகிறாரா என்று பாருங்கள். அவர் படத்திலேயே இல்லை என்றால் இன்னும் சந்தேகப்படுங்கள்.

பெரிய மூளை என்றால் அதிக அறிவா? அப்படியானால் யானைதானே நம்மை ஆள வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

எடையும் உதவாது, விகிதமும் உதவாது. நம் மூளை சுமார் 1.3 கிலோ; ஆப்பிரிக்க யானையுடையது நாலரை கிலோவுக்கு மேல்; ஸ்பெர்ம் திமிங்கிலத்துடையது சுமார் 8 கிலோ. சரி, உடல் எடையில் எவ்வளவு பங்கு என்று பார்ப்போம் என்றால், நமக்கு 2 சதவீதம்; சில மூஞ்சூறு இனங்களுக்கோ 10 சதவீதம். யானைத் தலையை வைத்துக்கொண்டு மூஞ்சூறு மேல் ஏறி உட்கார்ந்த பிள்ளையார் இரண்டு அளவுகோலிலும் நம்மைத் தோற்கடித்துவிடுவார்.

நரம்பணுக்களை எண்ணிப் பார்த்தவர் பிரேசில் விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹூசெல். மூளையைக் கரைத்து, கலக்கி, ஒரு துளியில் உள்ள உட்கருக்களை எண்ணிப் பெருக்கும் முறை அவருடையது. ரசம் வைத்துப் பருப்பு எண்ணுவது மாதிரி. மனித மூளையில் 8,600 கோடி. அதில் சிந்தனைக்கு முக்கியமான பெருமூளைப் புறணியில் 1,600 கோடி. ஆப்பிரிக்க யானையில் 25,700 கோடி, நம்மைப் போல் மூன்று மடங்கு. ஆனால் அதில் ஏறக்குறைய 98 சதவீதம் சிறுமூளையில். துதிக்கையை நுட்பமாக இயக்கவே அவ்வளவும் என்று கருதுகிறார்கள். புறணியில் இருப்பது 560 கோடிதான்.

பறவைகள் இந்தக் கணக்கைக் கலைத்தன. காகம், கிளி வகைகளின் முன்மூளையில் நரம்பணுக்கள் மிக நெருக்கமாக அடைந்திருக்கின்றன. அதே எடையுள்ள குரங்கு மூளையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2016இல் தெரிந்தது. பறக்க வேண்டிய உடலுக்குக் கனமான தலை கட்டுப்படியாகாதே.

சிம்பன்சி ஞாபகத்தில் கல்லூரி மாணவர்களைத் தோற்கடித்ததாகப் படித்தேன். உண்மையா?
– மாணவர், கோயம்புத்தூர்

படித்தது உண்மை, பாதி. 2007இல் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் இனோவேயும் மாட்சுசாவாவும் வெளியிட்டது அது. திரையில் ஐந்து எண்கள் ஆங்காங்கே 0.21 விநாடி மின்னும். உடனே வெள்ளைக் கட்டங்களாக மறையும். சிறியதிலிருந்து பெரியதாகக் கட்டங்களைத் தொட வேண்டும். அயுமு என்ற இளம் சிம்பன்சி சுமார் 80 சதவீதம் சரி; மாணவர்கள் 40 சதவீதம். கண்ணை ஒரு முறை நகர்த்தக்கூடப் போதாத நேரம் அது.

விட்டுப்போன பாதி இது: அயுமு இந்த விளையாட்டை ஆயிரக்கணக்கான முறை ஆடிப் பழகியது, மாணவர்கள் வந்து உட்கார்ந்து ஆடியவர்கள். 2010இல் இரண்டு மாணவர்களைப் போதிய அளவு பழக்கிப் பார்த்தார்கள். அவர்களும் அயுமுவின் மதிப்பெண்ணை எட்டினார்கள். மனிதரையும் விலங்கையும் ஒப்பிடும் எந்தச் செய்தியைப் படித்தாலும், இருவருக்கும் பயிற்சி சமமா என்று முதலில் தேடுங்கள். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: பழகினால் நாம் அயுமு அளவுக்கு வருகிறோம் என்பது அயுமு சாதாரணம் என்று ஆகிவிடாது. ஒரு குரங்கினத்துக்கு எண் வரிசை ஏற்றியதே பெரிய காரியம்.

மலைக்கோயிலில் குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு, வாழைப்பழம் கொடுத்த பிறகே போட்டது. பேரம் பேசுகிறதா, தற்செயலா?
– வாசகி, பழனி

இந்தோனேசியாவின் பாலித் தீவில் உலுவாத்து கோயில் குரங்குகளிடம் இதையே ஆராய்ந்தார்கள். 2021இல் முடிவு வந்தது. அங்கே வயதுவந்த குரங்குகள், மனிதர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று தெரிந்த பொருளையே குறிவைக்கின்றன: கைபேசி, மூக்குக்கண்ணாடி. நல்ல தீனி வரும்வரை கொடுக்காமல் காத்திருக்கவும் செய்கின்றன. குட்டிகளுக்கு இந்த விலை தெரியாது, கிடைத்ததைப் பிடுங்கும். வருடக்கணக்கில் பார்த்தும் பழகியும்தான் தொழில் பிடிபடுகிறது. அவை வேறு இனம் என்பதையும் சொல்ல வேண்டும்.

நம்மூரில் உள்ளது, உச்சந்தலையில் வகிடெடுத்துக் குல்லாய் வைத்தது போன்ற முடி கொண்ட நாட்டுக் குரங்கு, தென்னிந்தியாவுக்கே உரியது. பந்திப்பூரில் இவை சாலையோரம் மனிதரிடம் கையை நீட்டி, "கூ" என்று குரல் கொடுத்துத் தீனி கேட்பதை அனிந்தியா சின்ஹா குழுவினர் 2018இல் பதிவுசெய்தார்கள். அது வெறும் பழக்கமா, நோக்கத்தோடு கேட்பதா என்று பிரிக்க அவர்கள் பார்த்தவை: எதிரில் இருப்பவர் தன் பக்கம் திரும்பியிருக்கும்போது கேட்கிறதா, கேட்டுவிட்டு முகம் பார்த்துக் காத்திருக்கிறதா, கிடைக்காவிட்டால் மறுபடி கேட்கிறதா, கிடைத்ததும் நிறுத்துகிறதா. வெறும் பசிக்குரல் என்றால் இதெல்லாம் இருக்காது.

உங்கள் குரங்கு பற்றி ஒரு முறை நடந்ததை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த வாழைப்பழம் என்ன செய்தது என்று சொல்லலாம். பத்துப் பேரில் ஒருவர் பழம் கொடுத்தாலும் பிடுங்கும் பழக்கம் நிற்காது. எப்போதாவது கிடைக்கும் பரிசு உண்டாக்கிய பழக்கம், எப்போதும் கிடைக்கும் பரிசு உண்டாக்கியதைவிட அழியாமல் நிற்கும். சூதாட்டம் விடாததற்கும் இதுவே காரணம். கண்ணாடியையும் கைபேசியையும் மூடிய பைக்குள் வையுங்கள். அந்தப் பை பிளாஸ்டிக் கவராக இருக்க வேண்டாம், கவர் என்றாலே அதற்குத் தீனி.

நாய்க்கு இரண்டு வயதுக் குழந்தையின் அறிவு என்கிறார்களே?
– வாசகர், நாகர்கோவில்

எதில் என்று கேட்க வேண்டும். சேசர் என்ற பார்டர் கோலி நாய் மூன்று வருடப் பயிற்சியில் 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றது; இரண்டு வயதுக் குழந்தை பின்தங்கும். ஆனால் குழந்தை யாரும் பயிற்சி கொடுக்காமலே கற்று, "எனக்கு அது வேண்டாம்" என்று திருப்பியும் சொல்லும்.

2007இல் லைப்ஸிக் குழு இரண்டரை வயதுக் குழந்தைகள் 105, சிம்பன்சிகள் 106, ஒராங்குட்டான்கள் 32 என மூன்று தரப்புக்கும் ஒரே சோதனைத் தொகுப்பைக் கொடுத்தது. இடம், அளவு, காரணம் ஆகியவற்றில் சிம்பன்சிக்கும் குழந்தைக்கும் வித்தியாசமில்லை. பிறரைப் பார்த்துக் கற்பதில், சைகை புரிவதில் குழந்தைகள் எங்கோ போய்விட்டார்கள். இதற்கு எழுந்த மறுப்பும் நியாயமானது: சோதித்தவர் மனிதர், குழந்தைக்கு அவர் சொந்த இனம், சிம்பன்சிக்கு வேற்றினம்.

குழந்தை மோசமாகத் தெரியும் சோதனையும் உண்டு. 2005இல் விக்டோரியா ஹார்னரும் ஆண்ட்ரூ வைட்டனும் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார்கள்: மேலே குச்சியால் குத்துவது வீண் வேலை, கீழே கதவைத் திறப்பதுதான் பலன். பெட்டி கறுப்பாக இருந்தபோது சிம்பன்சிகளும் எல்லாவற்றையும் செய்தன. கண்ணாடிப் பெட்டி கொடுத்து, குத்துவது வீண் என்று தெரிந்ததும், நேரே கதவுக்குப் போயின. மூன்று நான்கு வயதுக் குழந்தைகள் கண்ணாடிப் பெட்டியிலும் பக்தியோடு குத்திவிட்டே திறந்தார்கள். பாட்டி சொன்ன சமையலில் எதற்கென்று தெரியாமல் நாம் செய்யும் பல படிகளுக்கு இதுதான் வேர். காரணம் தெரியாவிட்டாலும் கைமுறை தவறாமல் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருவதும் இதனால்தான்.

நேற்று நடந்தது விலங்குக்கு நினைவிருக்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதனிடம் கேட்க முடியாதே.
– வாசகி, புதுச்சேரி

கெட்டுப்போகும் தீனியை வைத்துக் கேட்கலாம். 1998இல் நிக்கோலா கிளேட்டனும் ஆண்டனி டிக்கின்சனும் தீனியை ஒளித்து வைக்கும் ஸ்க்ரப் ஜே என்ற காகக் குடும்பப் பறவையிடம் செய்தார்கள். அதற்கு மெழுகுப்புழு உயிர், வேர்க்கடலை இரண்டாம்பட்சம். ஆனால் புழு நாள்பட்டால் அழுகும். இதைப் பறவைகளுக்கு முன்பே அனுபவத்தில் காட்டியிருந்தார்கள். மணல் தட்டில் இரண்டையும் வெவ்வேறு இடத்தில் ஒளிக்க விட்டு, 4 மணி நேரம் கழித்துத் தேட விட்டால் புழு ஒளித்த இடத்துக்குப் போயின. 124 மணி நேரம் கழித்து விட்டால் கடலைக்குப் போயின. என்ன, எங்கே, எப்போது என்ற மூன்றும் தெரிந்தால்தான் இது முடியும். தேட விடும் முன் தீனியை எடுத்துவிட்டு மணலை மாற்றியிருந்தார்கள். இல்லாவிட்டால் மூக்கு காட்டிக்கொடுத்தது என்று யாராவது சொல்லியிருப்பார்கள், சரியாகவே.

தேனீக்குப் பூஜ்யம் தெரியுமாமே?
– மாணவி, தேனி

ஊருக்கேற்ற கேள்வி! "குறைந்த எண்ணிக்கை எது?" என்று பழக்கினார்கள்: இரண்டு படங்களில் குறைவான புள்ளிகள் உள்ளதில் உட்கார்ந்தால் சர்க்கரைத் தண்ணீர், மற்றதில் கசக்கும் கொய்னா. பிறகு அதுவரை காட்டாத வெற்றுப் படத்தை வைத்தால், பெரும்பாலும் அதையே "குறைவு" என்று தேர்ந்தன. ஆஸ்திரேலியாவில் 2018இல் வெளியானது. பத்து லட்சத்துக்கும் குறைவான நரம்பணுக்களில் இவ்வளவு. பூஜ்யத்தை வைத்துப் பெருக்கச் சொன்னால் தெரியாது.

பூனையைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே. அவ்வளவு மட்டமா?
– வாசகி, காரைக்குடி

மட்டமில்லை, ஒத்துழைப்பதில்லை. ஆய்வகத்துக்குத் தூக்கிப் போனால் கட்டிலடியில் ஒளிவதைத் தவிர எதையும் செய்யாது. ஜப்பானில் அட்சுகோ சைட்டோ பூனை இருக்கும் வீட்டுக்கே போனார். 2013இல் மூன்று அந்நியர் குரல்களைப் போட்டுவிட்டு, நான்காவதாக வளர்ப்பவர் குரலைப் போட்டுப் பார்த்தார். 2019இல் பெயரையே சோதித்தார். நீங்களும் செய்யலாம். பூனை சும்மா படுத்திருக்கும்போது, அதன் பெயர் அளவுக்கே நீளமுள்ள நான்கு சொற்களை, ஒரே தொனியில், 15 விநாடி இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். முதல் சொல்லுக்குக் காது திரும்பும். நான்காவது வருவதற்குள் சலித்துவிடும். ஐந்தாவதாகப் பெயரைச் சொல்லுங்கள். கைபேசியில் காதை மட்டும் படம் பிடியுங்கள். காது மறுபடி திரும்பினால் பெயர் தெரிகிறது. எழுந்து வரும் என்று காத்திருக்க வேண்டாம். சைட்டோவின் பூனைகளும் காதையும் தலையையும் அசைத்ததோடு சரி.